கேள்வி மேடை: பேட்டரிக்குள் எலக்ட்ரான் எங்கே தங்குகிறது? காந்தம் தரும் விடை

மின்முனைக்குள் மின்னூட்டம் தேங்கும் இடத்தைக் காந்த அளவீட்டின் மூலம் கண்டறியும் முறை பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், மெக்கானிக்குகள் எனப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் முதுநிலை இயற்பியல் மாணவி. மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) நானோ துகளை லித்தியம் பேட்டரியின் எதிர்மின்முனையாக வைத்துச் சோதித்தேன். கணக்குப்படி கிராமுக்கு 926 எம்ஏஎச் (மில்லியாம்பியர் மணி) கொள்ளளவு வரவேண்டும். எனக்கு அதைத் தாண்டிப் போகிறது. வழிகாட்டி, "எடையைத் திரும்பப் பார்" என்கிறார். தவறு எடையில்தானா?
— திருப்பரங்குன்றம்

பதில்: வழிகாட்டி சொல்வதை முதலில் செய்யுங்கள் அம்மா. 10 மைக்ரான் தடிமன் செப்புத் தகடு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் இருக்கும். அதன் மேல் நீங்கள் பூசுவது 1 மில்லிகிராம். தகட்டின் தடிமன் 2 சதவீதம் மாறினாலே 0.18 மில்லிகிராம் பிசகும். உங்கள் கொள்ளளவும் அதே விகிதத்தில், அதாவது 18 சதவீதம் பிசகும். ஆகவே பூசாத தகட்டில் பத்து வட்டமாவது வெட்டித் தனித்தனியாக நிறுத்துச் சராசரியும் சிதறலும் எடுத்து வையுங்கள். தராசு 0.01 மில்லிகிராம் காட்டவேண்டும். அடுத்தது, மின்சாரம் கடத்துவதற்காக மின்முனையில் கலக்கும் கார்பன் கருமை. குறைந்த வோல்ட்டில் அதுவும் லித்தியத்தை வாங்கும். கார்பனும் பைண்டரும் (தூளைத் தகட்டில் ஒட்டவைக்கும் பொருள்) மட்டும் பூசிய மின்முனை ஒன்றை அதே மின்னோட்டத்தில் ஓட்டி, அதன் பங்கைக் கழிக்கவேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் 926-க்கு மேல் வந்தால் பயப்பட வேண்டாம். 231.5 கிராம் மேக்னடைட் 8 மோல் லித்தியத்தை வாங்கி, முழுக்க இரும்பாகவும் லித்தியம் ஆக்சைடாகவும் மாறும் என்று வைத்துக் கிடைத்த எண்தான் 926. பிரான்சின் அமியான் நகரில் தாராஸ்கோன் என்ற வேதியியலாளரின் குழு 2000-இல் உலோக ஆக்சைடு மின்முனைகளை அறிமுகம் செய்ததிலிருந்தே இந்த மிகுதி பேசப்படுகிறது. எலக்ட்ரோலைட் சிதைந்து துகளின் மேல் பிசின் போன்ற படலம் உருவாகிக் கரைவதே காரணம் என்றார்கள் சிலர். ரூத்தேனியம் ஆக்சைடில் லித்தியம் ஹைட்ராக்சைடு வினைபுரிவதே காரணம் என்று 2013-இல் கிளேர் கிரே குழு காட்டியது. ஜெர்மனியின் யோவாகிம் மையர் வேறொரு கோணத்தை முன்வைத்திருந்தார். உலோகத் துகளும் லித்தியம் ஆக்சைடும் தொடும் எல்லையில் எலக்ட்ரான் உலோகப் பக்கமும் லித்தியம் அயனி ஆக்சைடு பக்கமும் தங்கலாம் என்பது அவர் கருத்து. ஆங்கிலத்தில் 'ஸ்பேஸ் சார்ஜ்' எனப்படும் இதை விண்வெளி மின்னூட்டம் என்று பெயர்த்து எழுதினால் பொருள் கெட்டுவிடும். எல்லை மின்னூட்டம் என்றே இங்கே சொல்கிறோம்.

வோல்ட் மீட்டரையும் ஆம்பியர் மீட்டரையும் மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் எது சரி என்று பிரிக்க முடியாது. மூன்றிலும் எலக்ட்ரான் உள்ளே போகிறது; மீட்டர் எண்ணிக்கையை மட்டும் சொல்லும். காந்த அளவீடு இங்கேதான் கைகொடுக்கிறது. மேக்னடைட்டில் முதல் டிஸ்சார்ஜின்போது காந்தத் திருப்புத்திறன் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். லித்தியம் நுழைந்து இரும்பு (2) ஆக்சைடு போன்ற அமைப்பு உருவாகும்போது காந்தம் சரிகிறது. பிறகு உலோக இரும்பு பிறக்கப் பிறக்க ஏறுகிறது. 0.45 வோல்ட்டிலிருந்து 0.01 வோல்ட்டுக்கு இறங்கும் கடைசிக் கட்டத்தில் மீண்டும் குறைகிறது. திரும்ப சார்ஜ் செய்யும்போது அந்தக் குறைவு நிரம்பி, சுமார் 1.4 வோல்ட் வரை ஏறுகிறது. அதன் பிறகுதான் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து காந்தம் இறங்குகிறது.

அந்தக் கடைசிக் கட்டக் குறைவுதான் முக்கியச் சாட்சி. பாக்கியிருந்த ஆக்சைடு இரும்பாக மாறியிருந்தால் காந்தம் ஏறியிருக்கும். எலக்ட்ரோலைட் படலம் மட்டும் உருவாகியிருந்தால் காந்தம் அசைந்திருக்காது. காந்தம் குறைந்ததால், எலக்ட்ரான் ஏற்கெனவே பிறந்துவிட்ட இரும்புத் துகளுக்குள்ளேயே போய்த் தங்கியிருக்கிறது என்று ஆகிறது. இரும்புத் துகளின் பரப்பில் புதிய எலக்ட்ரானுக்கு இடம் இருப்பது பெரும்பாலும் சிறுபான்மை ஸ்பின் பட்டையில், அதாவது துகளின் காந்தத் திசைக்கு எதிராக நிற்கும் எலக்ட்ரான்களின் வரிசையில். அங்கே போய் உட்காரும் ஒவ்வொரு எலக்ட்ரானும் மொத்தக் காந்தத்தைக் கொஞ்சம் கழிக்கிறது. சீனாவின் சிங்டாவ், கனடாவின் வாட்டர்லூ, அமெரிக்காவின் ஆஸ்டின் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2021-இல் அச்சான ஆய்வில் இதைப் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து காட்டினார்கள். மையரின் கோணத்துக்கு அது நேரடி ஆதாரம்.

கேள்வி: அந்தக் காந்தக் குறைவை எம்ஏஎச் கணக்காக மாற்றுவது எப்படி? வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டும்படி சொல்லுங்கள்.
— இயற்பியல் ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: 1 எம்ஏஎச் என்பது 3.6 கூலும். ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் (1.602 × 10⁻¹⁹ கூலும்) வகுத்தால் 2.247 × 10¹⁹ எலக்ட்ரான். எலக்ட்ரானின் காந்தத்தை அளக்கும் அலகான ஒரு போர் மேக்னட்டான், 9.274 × 10⁻²¹ இ.எம்.யு. (ஆய்வகத்தில் காந்தத் திருப்புத்திறனை அளக்கும் அலகு). இரண்டையும் பெருக்கினால் 0.208 இ.எம்.யு. கிடைக்கும். அதாவது, போகிற ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு போர் மேக்னட்டானை மாற்றினால், 1 எம்ஏஎச்சுக்கு 0.208 இ.எம்.யு. மாறும். இந்த எண்ணை மாணவர்கள் மனப்பாடமே செய்துகொள்ளலாம்.

இப்போது வழிகளைப் பிரியுங்கள். இரும்பு (2) ஆக்சைடு இரும்பாக மாற 2 எலக்ட்ரான் வேண்டும். பிறக்கும் இரும்பு அணுவுக்கு 2.2 போர் மேக்னட்டான். எனவே எலக்ட்ரானுக்கு 1.1 கூடுகிறது, 1 எம்ஏஎச்சுக்குச் சுமார் 0.23 இ.எம்.யு. ஏற்றம். எலக்ட்ரோலைட் படலம் என்றால் பூஜ்யம். எல்லை மின்னூட்டம் என்றால் அதிகபட்சம் 0.21 இ.எம்.யு. இறக்கம். கூட்டல், பூஜ்யம், கழித்தல் என்று குறியே வேறுபடுவதால்தான் இந்த முறைக்கு இவ்வளவு தீர்ப்பு வலிமை. எந்த உபகரணத்திலும் குறியைத் தவறவிடுவது கடினம்.

ஒரு கற்பனைக் கணக்கு. 0.45 முதல் 0.01 வோல்ட் வரை 0.12 எம்ஏஎச் போனது, காந்தம் 0.015 இ.எம்.யு. குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அத்தனை எலக்ட்ரானும் சிறுபான்மைப் பட்டைக்குப் போயிருந்தால் 0.12 × 0.208 = 0.025 இ.எம்.யு. குறைந்திருக்கவேண்டும். கிடைத்தது அதில் 60 சதவீதம். ஆகவே குறைந்தது 0.072 எம்ஏஎச் உலோகத் துகளுக்குள் தங்கியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். மீதி 40 சதவீதம் படலத்துக்குப் போயிருக்கலாம். இரண்டு ஸ்பின் பட்டைகளிலும் கலந்து நிரம்பியிருக்கலாம். பின்தங்கிய ஆக்சைடு கொஞ்சம் இரும்பாகிக் குறைவை ஈடுகட்டியிருக்கலாம். இந்த ஒரு அளவீட்டால் அவற்றைப் பிரிக்க முடியாது. "60 சதவீதம் எல்லை மின்னூட்டம்" என்று எழுதாமல் "குறைந்தபட்சம் 60 சதவீதம்" என்று எழுதச் சொல்லுங்கள். ஆய்வேட்டில் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: விஎஸ்எம் கருவிக்குள் (மாதிரியை அதிரவைத்து அதன் காந்தத்தை அளக்கும் கருவி) வைத்து ஓட்டுகிற மாதிரி பேட்டரி செய்வது எப்படி? நாணய வடிவ 2032 செல்லை அப்படியே உள்ளே வைத்தால் முடியாதா? என்னென்ன பொருள், என்ன அளவு என்று விவரமாக வேண்டும்.
— ஆய்வு மாணவர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: 2032 கூடவே கூடாது. அதன் மூடி, ஸ்பேசர், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து சுமார் 3 கிராம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 வகை ஸ்டீல் வாங்கும்போது காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அச்சில் அழுத்தி வளைத்ததும் அதில் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாக மாறி ஃபெர்ரோ காந்தமாகிவிடும். ஒரு சதவீதம் மாறினாலே பல இ.எம்.யு. பின்னணி வரும். நீங்கள் தேடுவதோ 0.01, 0.02 இ.எம்.யு. மாற்றம்.

அலுமினியம் லேமினேட் உறையில் சின்ன பவுச் செல் செய்யுங்கள். மின்முனை 5 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீளம் போதும்; அதில் 0.5 முதல் 1 மில்லிகிராம் மேக்னடைட். கலவை: மேக்னடைட் 70, கார்பன் கருமை 20, பிவிடிஎஃப் பைண்டர் 10 பங்கு, என்எம்பி கரைப்பானில் குழைத்துச் செப்புத் தகட்டில் பூசி, 110 டிகிரியில் வெற்றிட அடுப்பில் 12 மணி நேரம் உலர்த்தவேண்டும். கார்பனுக்குப் பதிலாக கார்பன் நானோ குழாய் போட ஆசைப்படாதீர்கள். அதன் தயாரிப்பில் பயன்பட்ட இரும்பு, கோபால்ட், நிக்கல் வினையூக்கி உள்ளேயே மிச்சம் இருக்கும். தகடு செப்பாகவே இருக்கட்டும். அலுமினியம் 0.3 வோல்ட்டுக்குக் கீழே லித்தியத்தோடு கலப்புலோகமாகி நொறுங்கிவிடும்.

பலரும் சறுக்கும் இடம் டேப். பவுச் செல்லுக்குக் கடையில் தயாராகக் கிடைப்பது நிக்கல் டேப். 4 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிமன் உள்ள நிக்கல் டேப்பில் 10 மி.மீ. துண்டு ஒன்றே 2 இ.எம்.யு. அளவுக்குக் காந்தம் காட்டும். இரண்டு பக்கமும் செப்பு டேப் போடுங்கள். எஃகுக் கத்தரிக்கோல், எஃகு இடுக்கி, எஃகு ஸ்பேட்டுலா எதுவும் மின்முனையைத் தொடவேண்டாம். செராமிக் கத்தியும் பிளாஸ்டிக் இடுக்கியும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பானுக்கு 25 மைக்ரான் பாலிப்ரொப்பிலீன் படலம். எலக்ட்ரோலைட்: எத்திலீன் கார்பனேட், டைமெத்தில் கார்பனேட் சம கன அளவில் கலந்து, அதில் 1 மோலார் லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட், 40 முதல் 60 மைக்ரோலிட்டர். எதிரே லித்தியத் தகடு. ஆர்கான் நிரப்பிய குளோவ் பாக்ஸில்தான் மூடவேண்டும். ஈரமும் ஆக்சிஜனும் 1 பிபிஎம்முக்குக் கீழே. நைட்ரஜன் மலிவு என்று அதை நிரப்பினால் லித்தியம் கறுத்து நைட்ரைடு ஆகிவிடும். ஈரம் புகுந்தால் அந்த உப்பு ஹைட்ரஜன் ஃபுளோரைடை வெளியிடும். அது மின்முனைக்கும் கேடு, உங்களுக்கும் ஆபத்து.

பவுச் செல்லில் அழுத்தம் தர ஸ்பிரிங் இல்லை. உறையின் இருபுறமும் மெல்லிய கண்ணாடித் துண்டு வைத்துக் காப்டான் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். விஎஸ்எம்மில் மாதிரியைத் தாங்கும் தண்டு நொடிக்குப் பத்துக்கணக்கான முறை அதிரும். உள்ளே அடுக்கு தளர்ந்திருந்தால் வோல்ட் கோடு நடுங்கும். காந்தக் கோடும் நடுங்கும். காரணம் புரியாமல் துகளைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மின்கம்பி 0.1 மி.மீ. எனாமல் செப்பு, போகும் கம்பியையும் வரும் கம்பியையும் முறுக்கி விடுங்கள். முறுக்காமல் ஒரு சதுர சென்டிமீட்டர் வளையம் விட்டால், 0.1 மில்லியாம்பியர் மின்னோட்டமே 10⁻⁵ இ.எம்.யு. காட்டும். மேக்னடைட்டுக்கு அது பொருட்டில்லை. லித்தியம் கோபால்ட் ஆக்சைடு போன்ற பாரா காந்தப் பொருளுக்கு (காந்தத்தால் மிக மெல்ல மட்டும் ஈர்க்கப்படுவது) அது பெரிய பிழை. 1 மில்லிகிராம் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு மின்முனை 1 டெஸ்லாவில் காட்டுவதே 10⁻⁴ இ.எம்.யு.க்குள்தான். 10 மில்லிகிராம் அலுமினியத் தகடும் ஏறக்குறைய அதே அளவு காட்டும்.

மூடிய செல்லை 8 மணி நேரமாவது ஊறவிடுங்கள். பிறகு கிராமுக்கு 100 மில்லியாம்பியர் கணக்கில், அதாவது 1 மில்லிகிராமுக்கு 0.1 மில்லியாம்பியரில், 3.0 முதல் 0.01 வோல்ட் வரை ஓட்டுங்கள். காந்தப்புலத்தை 2 டெஸ்லாவுக்குக் குறையாமல் வையுங்கள், முடிந்தால் 3. இதை அழுத்திச் சொல்கிறோம். பிறக்கும் இரும்புத் துகள் சில நானோமீட்டர்தான். அறை வெப்பத்தில் அதன் காந்தத் திசை நிலைகொள்ளாது. குறைந்த புலத்தில் அளந்தால், துகள் கொஞ்சம் பெருத்தாலே காந்தம் ஏறியதுபோல் தெரியும்; சிதைந்தால் இறங்கியதுபோல் தெரியும். எலக்ட்ரானின் வேலையா, துகள் அளவின் வேலையா என்று பிறகு பிரிக்கவே முடியாது. தெவிட்டு நிலைக்கு (புலத்தைக் கூட்டினாலும் காந்தம் மேலே ஏறாத நிலை) அருகில் அளந்தால்தான் எலக்ட்ரானின் கணக்கு நிற்கும்.

மேக்னடைட் இல்லாமல், மற்ற எல்லாம் அப்படியே உள்ள வெற்று செல் ஒன்றை அதே புலத்தில் அளந்து கழிக்க மறக்கவேண்டாம். பேட்டரியை ஓட்டும் கருவியான பொட்டென்ஷியோஸ்டாட்டின் கணினியும் விஎஸ்எம் கணினியும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று ஆரம்பத்திலேயே பாருங்கள். இரண்டு நிமிடம் முன்பின் இருந்தால் திருப்புமுனை வோல்ட் தப்பாக விழும். ஓட்டம் ஒரு நாள் கடந்தும் நீளும் என்பதால் இரண்டு கருவிக்கும் யுபிஎஸ் அவசியம்.

கேள்வி: டவுன் ஹால் ரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காந்தம் வைத்த கவர் போட்டால் பேட்டரி சார்ஜ் இறங்கும் என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— மதுரை

பதில்: இறங்காது. விஎஸ்எம்மில் 2 டெஸ்லா, 3 டெஸ்லா புலத்தில் வைத்தே பேட்டரியை ஒழுங்காக ஓட்டுகிறார்கள். கவரில் உள்ள காந்தம் அதன் பக்கத்திலேயே வராது. அந்தக் கவரால் திசைகாட்டி தப்பு காட்டலாம். வயர்லெஸ் சார்ஜரில் போனைக் கவரோடு வைத்தால் அதிலுள்ள உலோகம் சூடாகும். அந்தச் சூடுதான் பேட்டரிக்குக் கெடுதல்.

கேள்வி: எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் விஎஸ்எம் கிடையாது. பழைய கூய் தராசு (காந்தப்புலத்தில் தூளின் எடை மாற்றத்தை அளப்பது) ஒன்று இருக்கிறது. இளநிலை மாணவர்களுக்கு இதே விஷயத்தில் ஒரு செய்முறை வைக்க முடியுமா?
— பேராசிரியை, திருமங்கலம்

பதில்: தாராளமாக முடியும் அம்மா, மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறை அமைவது அரிது. ஓடும் பேட்டரியை அளக்க முடியாது. ஆனால் மின்முனைப் பொருளைச் சோதனைக்குழாய் வேதியியலாலேயே "சார்ஜ்" செய்துவிட்டு அளக்கலாம். அதற்குத் தோதான பொருள், மின்சார ஸ்கூட்டர்களில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். சார்ஜ் ஏறும்போது இரும்பு (2), இரும்பு (3) ஆகிறது. தனித்த எலக்ட்ரான் 4-லிருந்து 5 ஆகிறது.

100 மி.லி. நீரில் 2 கிராம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் தூளைக் கலக்குங்கள். பொட்டாசியம் பெர்சல்பேட் 1.71 கிராம் போட்டால் கணக்குப்படி முழுச் சார்ஜ், 0.86 கிராம் போட்டால் பாதிச் சார்ஜ். முழுச் சார்ஜ் நிச்சயம் வேண்டுமென்றால் இரு மடங்கு போடலாம். காந்தக் கலக்கி வைத்து 24 மணி நேரம் கலக்கி, வடிகட்டி, சல்பேட் போகும்வரை கழுவவேண்டும். கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெண்மை வரக்கூடாது. 80 டிகிரியில் உலர்த்துங்கள். இப்படி 0, 25, 50, 75, 100 சதவீதம் சார்ஜ் ஆன ஐந்து தூள்கள் கிடைக்கும்.

கூய் தராசில் குழாயின் குறுக்குப் பரப்பு அரை சதுர சென்டிமீட்டர், புலம் 5,000 ஓர்ஸ்டெட் (சுமார் அரை டெஸ்லா) என்றால், தூளை நன்கு தட்டி நிரப்பியபோது எடை மாற்றம் சில நூறு மில்லிகிராம் வரும். சாதாரண மில்லிகிராம் தராசே போதும். ஒப்பிட்டுப் பார்க்கும் தர அளவுப் பொருளாகப் பாதரச உப்பு பழைய நூல்களில் இருக்கும். நீங்கள் மோர் உப்பையே (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) பயன்படுத்துங்கள். 20 டிகிரியில் அதன் கிராம் ஏற்புத்திறன் (ஒரு கிராம் பொருள் புலத்துக்கு எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) சுமார் 32.3 × 10⁻⁶. மதுரை மே மாதத்தில் ஆய்வகம் 35 டிகிரி இருந்தால் அந்த எண்ணை அப்படியே போடக்கூடாது. வெப்பநிலைக்குத் தலைகீழாகக் குறைந்து சுமார் 30.7 ஆகிவிடும். மாதிரியையும் மோர் உப்பையும் ஒரே மதியத்தில் அளப்பது நல்லது.

இரண்டு இடத்தில் பிசகும். ஒன்று, நிரப்புதல். ஒரே தூளை ஒரே ஆள் மூன்று முறை கொட்டி நிரப்பி அளந்து, அந்தச் சிதறலைப் பிழையாக எழுதவேண்டும். இன்னொன்று, உலோக இரும்புத் தூசு. தூளில் ஆயிரத்தில் ஒரு பங்கு உலோக இரும்பு இருந்தாலே, 5,000 ஓர்ஸ்டெட்டில் அது உண்மையான ஏற்புத்திறனில் பாதியளவுக்குக் கூடுதலாகக் காட்டிவிடும். மின்காந்தத்தின் மின்னோட்டத்தை மாற்றி மூன்று நான்கு புலங்களில் அளந்து பாருங்கள். சுத்தமான பாரா காந்தப் பொருளுக்கு ஏற்புத்திறன் எல்லாப் புலத்திலும் ஒன்றே. புலம் கூடக் கூட ஏற்புத்திறன் குறைந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள். அப்போது ஏற்புத்திறனைப் புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து பூஜ்யம் வரை நீட்டினால் உண்மை மதிப்பு கிடைக்கும். இரும்புத் துகள் தெவிட்டும் அளவுக்கு, அதாவது 7,000 ஓர்ஸ்டெட்டைத் தாண்டிய புலங்களில் எடுத்த புள்ளிகளை மட்டும் இதற்குப் பயன்படுத்தவேண்டும்.

மாணவர்கள் தனித்த எலக்ட்ரான் சூத்திரத்தில் 4.90, 5.92 என்று போட்டுவிட்டு, "அளவீடு ஒத்துவரவில்லை" என்பார்கள். ஒத்துவராது. இரண்டு பொருளிலும் இரும்பு அயனிகள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. லித்தியம் இருக்கும் நிலை 50 கெல்வினை ஒட்டியும், லித்தியம் எடுத்த நிலை சுமார் 125 கெல்வினிலும் எதிர் ஃபெர்ரோ காந்தமாகிவிடும். அந்த இழுப்பு அறை வெப்பத்திலும் ஏற்புத்திறனை அழுத்தும். லித்தியம் எடுத்த நிலையில் இன்னும் கூடுதலாக அழுத்தும். ஆகவே 0, 100 சதவீதத் தூள்களை அளந்து கோடு போட்டு, நடுவில் உள்ள மூன்றும் அந்தக் கோட்டில் விழுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பொருளில் லித்தியம் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் தனித்தனிப் பிரிவாக நிற்கும் என்பதால் புள்ளிகள் நேர்கோட்டில் வரவேண்டும். வராவிட்டால் பெர்சல்பேட் வினை முழுதாக நடக்கவில்லை.

கேள்வி: நான் மின்சார ஸ்கூட்டர் மெக்கானிக். இரும்பு பாஸ்பேட் பேக்கில் 30 சதவீதமா 70 சதவீதமா என்று வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியவில்லை. வெளியிலிருந்து காந்த சென்சார் வைத்து உள்ளே உள்ள சார்ஜைப் பார்க்கலாமா?
— ஒத்தக்கடை

பதில்: தத்துவம் உண்மைதான். 2018-இல் நியூயார்க்கில் ஆய்வாளர்கள் செல்லைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தின் நுண்ணிய மாற்றத்தை எம்ஆர்ஐ கருவியால் படம் பிடித்து, சார்ஜ் நிலையையும் உள்ளே உள்ள பழுதையும் காட்டினார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு அது இன்னும் எட்டாத வேலை. மதுரையில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா. 50 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கேபிள் 10 சென்டிமீட்டர் தள்ளி 100 மைக்ரோடெஸ்லா உண்டாக்கும். செல் உறை எஃகு என்றால் அதன் காந்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். கைக்கு அடக்கமான சென்சாரால் இத்தனைக்கும் நடுவே சார்ஜின் சாயலைப் பிரிக்க முடியாது.

உங்களுக்கு உதவும் காந்தக் கருவி, கேபிளைச் சுற்றி மாட்டும் ஹால் சென்சார்தான். உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியர் மணியைக் கூட்டிக்கொண்டே வரும். அதன் பூஜ்யம் நகரும் என்பதை மட்டும் கவனியுங்கள். வண்டி நிற்கும்போது 0.1 ஆம்பியர் பொய்யாகக் காட்டினால் 24 மணி நேரத்தில் 2.4 ஆம்பியர் மணி. 30 ஆம்பியர் மணி பேக்கில் அது 8 சதவீதம். மாட்டும்போது கேபிளில் மின்னோட்டம் இல்லாத நிலையில் பூஜ்யத்தைச் சரிசெய்யுங்கள். வாரம் ஒருமுறையாவது முழுச் சார்ஜ் ஏற்றி, கணக்கை 100-க்குத் திரும்ப வையுங்கள். முழுச் சார்ஜிலும் அடிமட்டத்திலும்தான் இந்த வகைப் பேக்கின் வோல்ட்டை நம்பலாம்.

கேள்வி: வைகை மணலில் காந்தத்தை ஓட்டினால் கறுப்புத் தூள் ஒட்டுகிறது. அதுவும் மேக்னடைட்தானே? அதையே பேட்டரிக்குப் பயன்படுத்தலாமா சார்?
— பிளஸ் 2 மாணவன், சோழவந்தான்

பதில்: காந்தத்தில் சட்டென்று ஒட்டுவதில் மேக்னடைட் இருக்கும், வேறு தாதுக்களும் கலந்திருக்கும். தடை துகளின் அளவுதான் தம்பி. மணல் துகள் 0.1 மில்லிமீட்டர் என்றால், பேட்டரிக்கு வேண்டிய 10 நானோமீட்டரைவிட பத்தாயிரம் மடங்கு பெரிது. லித்தியம் அதன் மேல் தோலோடு நின்றுவிடும். கொஞ்சம் உள்ளே போனாலும் துகள் வெடித்து மின்தொடர்பு அறுந்துவிடும்.

நானோ துகளை உங்கள் வேதியியல் ஆசிரியர் முன்னிலையில் செய்யலாம். கொதிக்கவைத்து ஆறவைத்த 100 மி.லி. நீரில் ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 2.8 கிராம் கரைக்கவேண்டும். ஃபெரஸ் சல்பேட் வெளிர்பச்சையாக இருக்கவேண்டும். பழுப்பேறியிருந்தால் வேறு பாட்டில் எடுங்கள். 70 டிகிரியில் வேகமாகக் கலக்கியபடி, 25 சதவீத அம்மோனியாக் கரைசல் 15 மி.லி.யைச் சிறிது சிறிதாக விடுங்கள். புகைபோக்கி உள்ள அறையில்தான் செய்யவேண்டும். அம்மோனியா கண்ணையும் மூச்சையும் தாக்கும். கலவை உடனே கறுக்கும். அரை மணி நேரம் கலக்கிய பிறகு, குவளைக்கு அடியில் காந்தம் வைத்துத் தூளைப் பிடித்துக்கொண்டு நீரை வடியுங்கள். மணம் போகும்வரை கழுவுங்கள். இழப்பே இல்லையென்றால் 2.3 கிராம் கிடைக்கும்.

திறந்த அடுப்பில் உலர்த்தினால் கறுப்பு மெல்லப் பழுப்பாகும். அது மேகமைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாக மாறுவதன் அடையாளம். அதுவும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் ஒட்டுகிறதே என்று ஏமாறக்கூடாது. வெற்றிடத்தில் 60 டிகிரியில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் வையுங்கள்.

கேள்வி: மாதிரியை அளக்க எங்கே அனுப்பலாம்? எப்படி அனுப்பவேண்டும்?
— பல வாசகர்கள்

பதில்: சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் எனப்படும் பகுப்பாய்வுக் கருவி மையத்தில் வெளிக் கல்லூரி மாதிரிகளுக்கும் கட்டணம் பெற்று விஎஸ்எம் அளவீடு செய்துதருகிறார்கள். பேட்டரி பற்றிய ஆலோசனைக்கு மதுரைக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அனுப்பும் முன் மாதிரி காற்றைத் தாங்குமா, எத்தனை டெஸ்லா, எந்த வெப்பநிலை என்று தெளிவாக எழுதிக் கேட்டுவிடுங்கள்.

தூள் என்றால் 20 மில்லிகிராம் போதும். ஜெலட்டின் காப்ஸ்யூலில் போட்டு, மேலே டெஃப்லான் நாடாவைச் சுருட்டி அழுத்தித் தூள் அசையாதபடி செய்யுங்கள். சரியான எடையை 0.1 மில்லிகிராம் வரை காப்ஸ்யூல் உறையின் மேல் எழுதுங்கள். அதே தொகுப்பில் உள்ள வெற்றுக் காப்ஸ்யூலும் நாடாவும் தனியாக ஒன்று சேர்த்து அனுப்பினால் பின்னணியைக் கழிக்கலாம். டிஸ்சார்ஜ் ஆன மேக்னடைட் மின்முனை என்றால் காற்றுப் பட்ட உடனே உள்ளிருக்கும் நானோ இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். அதை டைமெத்தில் கார்பனேட்டில் கழுவி, குளோவ் பாக்ஸுக்குள்ளேயே உலர்த்தி, லேமினேட் உறையில் வெப்பம் கொடுத்து மூடி, உறையோடு சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள். உறையைப் பிரித்துக் காப்ஸ்யூலுக்கு மாற்றி அளந்தால் வரும் எண் துருவுடையது.